திஸில் எது, திஸில் அல்லாதது எது?

கேள்வி: பிரம்மதண்டையும் ஆங்கிலத்தில் ‘திஸில்’ (thistle, முட்செடி) என்கிறார்கள், கல்லீரல் மருந்துக்குப் பேசப்படும் பால் திஸிலையும் அப்படியே சொல்கிறார்கள். இரண்டும் ஒரே இனமா?

பதில்: இல்லை. இந்தக் குழப்பம் ஆபத்தானது.

உண்மையான திஸில்கள் சூரியகாந்திக் குடும்பம். ஒரு பூவைப் பிட்டுப் பாருங்கள்: ஏராளமான மெல்லிய குழல் பூக்கள் ஒரே கட்டாக இருக்கும், அடியில் முள் நுனிச் செதில்கள். பால் திஸிலின் இலையில் நரம்போரம் பால் சிந்தியதுபோல் வெள்ளைக் கோலம் தெரியும். எண்ணெய் வித்துச் செடியான குசும்பாவும் இந்தக் கிளைதான்.

பிரம்மதண்டோ கசகசாக் குடும்பம். மஞ்சள் இதழ்கள் தனித்தனியே நிற்கும். தண்டை ஒடித்தால் மஞ்சள் பால் வடியும். விதை கடுகை அப்படியே ஒத்திருப்பதால் கடுகு எண்ணெயில் கலந்துவிடுகிறது. அதிலுள்ள ‘சாங்குவினரின்’ என்ற நஞ்சால் கால் வீங்கும், மூச்சுத் திணறும், கண் அழுத்தம் கூடும், உயிரும் போகலாம். பெயரை நம்பி விதையை வாயில் போடாதீர்கள்.

பறவைத் தீனியாக விற்கும் ‘திஸில் விதை’ உண்மையில் பேயெள்ளு.

கேள்வி: தோட்டத்துத் திஸிலைத் தோண்டத் தோண்டப் பெருகுகிறதே?

பதில்: அது படர் திஸிலாக இருக்கும். அதன் வேர் பக்கவாட்டில் ஓடும். மண்வெட்டி துண்டாக்கும் ஒவ்வொரு வேரும் புதுச் செடியாகும். தோண்டாமல், மொட்டு விடும் தருணத்தில் தரையோடு அறுங்கள். அப்போதுதான் வேரில் சேமிப்பு குறைவு. துளிர்க்கத் துளிர்க்க அறுக்க வேண்டும். ஒரு பருவத்தில் முடியாது. ஆணிவேர் உள்ள ஈராண்டுத் திஸிலானால் மண்ணுக்குக் கீழே 5 செ.மீ. ஆழத்தில் வேரை வெட்டினாலே போதும்.