நியூ ஜெர்ஸி முதல் சான் பிரான்சிஸ்கோ வரை மோட்டார்ஹோம்: ஜூலையில் எந்த வழி?

கேள்வி: எடிசனில் வசிக்கிறோம். ஊரிலிருந்து என் பெற்றோர் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 70 வயது. அம்மாவுக்கு முழங்கால் வலி. மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், நான் என மொத்தம் ஆறு பேர். ஜூலையில் மூன்று வாரம் விடுப்பு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் 30 அடி மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்து நியூ மெக்சிகோ, கிராண்ட் கேன்யன், லாஸ் வேகாஸ், டெத் வேலி வழியாக சான் பிரான்சிஸ்கோ போய், வண்டியை அங்கே ஒப்படைத்துவிட்டு விமானத்தில் திரும்ப நினைக்கிறோம். உள்ளேயே சமைக்க முடியுமா? இவ்வளவு பெரிய வண்டியை நான் ஓட்டியதில்லை.

பதில்: தாராளமாகப் போகலாம். வழியை மட்டும் மாற்றுங்கள்.

மோட்டார்ஹோமின் கூரையில் இருக்கும் ஏ.சி., வெளியே இருப்பதைவிட ஏறக்குறைய 20 பாரன்ஹீட் டிகிரிதான் குறைக்கும் என்பது இந்த வண்டிகளோடு பழகியவர்களின் பொதுக் கணக்கு. சுவரும் கூரையும் மெல்லியவை. வீட்டுச் சுவரைப் போல வெப்பத்தைத் தடுக்காது. ஜூலையில் லாஸ் வேகாஸில் பகல் வெப்பம் 105 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அப்போது வண்டிக்குள் 85. ஆறு பேர் உள்ளே இருந்து அடுப்பையும் பற்றவைத்தால் இன்னும் கூடும். டெத் வேலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 134 டிகிரிதான் இன்றுவரை உலகச் சாதனையாகக் குறிக்கப்படுகிறது. கோடையில் தங்கள் வண்டியை அங்கே கொண்டுபோகக் கூடாது என்று வாடகை நிறுவனங்கள் பலவும் ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருக்கின்றன. மீறிப் போய் வண்டி நின்றுவிட்டால் இழுத்துவரும் செலவு உங்கள் தலையில் விழும். கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு 7,000 அடி உயரத்தில் இருப்பதால் அங்கே சுகமாகவே இருக்கும். அதற்குப் பின் கலிஃபோர்னியாவுக்குப் போக மொஹாவி பாலைவனத்தைக் கடந்தாக வேண்டும் என்பதுதான் சிக்கல். அதை இன்னொரு அக்டோபருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது உயரத்தை வைத்துத்தான். என் யோசனை இது. எடிசனிலிருந்து 287ஆம் நெடுஞ்சாலையில் ஏறி பார்சிப்பனியில் 80ஆம் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். சிகாகோவைத் தாண்டி 90ஆம் நெடுஞ்சாலையில் தெற்கு டகோட்டா: பேட்லாண்ட்ஸ், பிளாக் ஹில்ஸ், மவுண்ட் ரஷ்மோர். பின்பு வயோமிங்கின் பஃபலோவிலிருந்து 16ஆம் சாலையில் பிக்ஹார்ன் மலையைக் கடந்து, கோடி (Cody) என்ற ஊர் வழியாக யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஐடஹோவின் ட்வின் ஃபால்ஸ், நெவாடாவின் வெல்ஸ், மறுபடி 80, ரீனோ, டானர் கணவாய், சான் பிரான்சிஸ்கோ. சுற்றல்களோடு சேர்த்து 3,300 மைல் என்று வைத்துக்கொள்ளலாம். சமவெளியிலும் நெவாடாவிலும் வெயில் இருக்கத்தான் செய்யும். ஆனால் நீங்கள் தங்கிப் பார்க்கும் இடங்களில் பெரும்பாலானவை உயரத்தில் இருப்பவை. யெல்லோஸ்டோனில் ஜூலை இரவிலும் நடுங்கும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டிக்காரர்களிடம் மூன்று-மூன்று-மூன்று என்று ஒரு வழக்கம் உண்டு: ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மாலை மூன்று மணிக்குள் போய்ச் சேர், ஓரிடத்தில் மூன்று இரவு தங்கு. மூன்றாவதை எல்லா இடத்திலும் கடைப்பிடிக்க உங்களுக்கு நாள் போதாது. யெல்லோஸ்டோனிலும் பிளாக் ஹில்ஸிலும் மட்டும் கடைப்பிடியுங்கள். முதல் இரண்டை விடவே விடாதீர்கள். கார் கணக்கில் 500 மைல் போட்டால் இருட்டில் தெரியாத இடத்தில் வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருப்பீர்கள். 300 மைல் வீதம் பதினோரு நாள் ஓட்டம். மீதி நாட்கள் உங்களுடையவை. பெட்ரோல் ஒரு காலனுக்கு எட்டு முதல் பத்து மைல் கொடுக்கும், ஆகவே சுமார் 370 காலன். ஜெனரேட்டர் குடிப்பது தனி.

படுக்கையில் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருக்கும் பரண் படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும். அது உங்களுக்கும் மனைவிக்கும். பின்பக்கக் கட்டில் அப்பா அம்மாவுக்கு. அங்கிருந்து கழிப்பறை இரண்டடி தூரம். சாப்பாட்டு மேசையை இறக்கினால் கிடைக்கும் படுக்கை பிள்ளைகளுக்குப் போதும். வண்டி ஓடும்போது முன்னோக்கிய இருக்கையில் பெல்ட் போட்டுத்தான் எல்லோரும் உட்கார வேண்டும். கட்டிலில் படுத்துக்கொண்டு வருவது, எழுந்துபோய் அடுப்பில் பால் காய்ச்சுவது எல்லாம் கூடாது. மகனின் கார் இருக்கையைப் பொருத்த எந்த இடத்தில் வசதி இருக்கிறது என்பதைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். எல்லா வண்டியிலும் இருக்காது.

சமையலுக்கு வருவோம். இந்த அளவு வண்டிகள் பலவற்றில் 30 ஆம்பியர் மின் இணைப்புதான். 120 வோல்ட்டில் அது 3,600 வாட். ஏ.சி. 1,500 வாட் வரை இழுக்கும், மைக்ரோவேவும் கிட்டத்தட்ட அவ்வளவு, மின்கெட்டிலும் அப்படியே. இரண்டு ஓடலாம், மூன்றாவதைப் போட்டால் பிரேக்கர் விழும். ஆகவே சமையலை எரிவாயு அடுப்பில் வையுங்கள். ஊர் மிக்ஸி இங்குள்ள மின்சாரத்தில் ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும். பொடிகளை வீட்டிலேயே அரைத்து எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷர் குக்கரை மறக்க வேண்டாம். எட்டாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் குழையாது. தாளிப்பை வெளியே, மேசையில் சிறு அடுப்பு வைத்துச் செய்யுங்கள். உள்ளே கடுகு வெடித்த மறுநிமிடம் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். யெல்லோஸ்டோன் கரடிப் பிரதேசம் என்பதால் அங்கே சமைத்து முடித்ததும் ஒரு கரண்டிகூட வெளியே இருக்கக் கூடாது.

வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள் உண்டு: நல்ல தண்ணீர், குளியல்-பாத்திரத் தண்ணீர், கழிப்பறை. கடைசி இரண்டையும் சாம்பல் தொட்டி, கறுப்புத் தொட்டி என்பார்கள். நம் சமையலின் எண்ணெயும் கறிவேப்பிலையும் சோற்றுப் பருக்கையும் சாம்பல் தொட்டியில் போனால் இரண்டு நாளில் நாற்றம் எடுக்கும். பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். கழிப்பறையில் தண்ணீரை நிறைய ஊற்றுவது நல்லதுதான், கழிவு இறுகாது; தொட்டி சீக்கிரம் நிரம்பும், அவ்வளவே. மோட்டார்ஹோம்கள் தங்கும் இடமான ஆர்.வி. பார்க்கில் கழிவுநீர் இணைப்பு கொடுத்தாலும் கறுப்புத் தொட்டியின் வால்வை மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் நீர் ஓடிவிட்டுத் திடப்பொருள் தங்கிவிடும். முக்கால்வாசி நிரம்பியதும் முதலில் கறுப்பு, பிறகு சாம்பல் என்று திறந்துவிடுங்கள். சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கையுறை கட்டாயம். இந்த வேலையை யார் செய்வது என்று கிளம்பும் முன்பே வீட்டில் முடிவு செய்துவிடுங்கள்.

அப்பாவும் அம்மாவும் பின்னால் உட்கார்ந்திருக்க, முன்பக்க ஏ.சி.யின் குளிர்ச்சி அவர்களை எட்டாது. வெயில் நாட்களில் ஜெனரேட்டரை ஓடவிட்டுக் கூரை ஏ.சி.யைப் போடுங்கள். பெட்ரோல் கால் தொட்டிக்குக் கீழே இறங்கினால் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும்; பழுது என்று பயப்பட வேண்டாம், நீங்கள் வழியில் நின்றுவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது.

ஓட்டுவது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். சாதாரண உரிமம் போதும். வண்டியை எடுத்ததும் காலியான பெரிய பார்க்கிங் இடம் ஒன்றில் ஒரு மணி நேரம் பழகுங்கள். வலப்பக்கம் திருப்பும்போது பின்பகுதி இடப்பக்கம் வீசும் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டால் பாதி வித்தை வந்துவிடும். உயரம் சுமார் 12 அடி. துல்லியமான எண்ணை ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். கைப்பேசி வரைபடத்துக்கு உங்கள் வண்டியின் உயரம் தெரியாது. நியூயார்க்கின் தாழ்ந்த பாலங்கள் கொண்ட பார்க்வேக்களில் அது உங்களை ஏற்றிவிடும். பிளாக் ஹில்ஸில் நீடில்ஸ் நெடுஞ்சாலை அழகுதான். ஆனால் அதிலுள்ள சுரங்கம் ஒன்றின் அகலம் எட்டடி. உங்கள் வண்டி அதைவிட அகலம். அந்தப் பக்கமே போகாதீர்கள். கஸ்டர் பூங்காவின் வனவிலங்குச் சுற்றுச்சாலையில் காட்டெருமைகளைப் பார்க்கலாம்.

மலை இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். 16ஆம் சாலை 9,666 அடி வரை ஏறி இறங்குகிறது. டானர் கணவாயின் 7,200 அடியிலிருந்து சாக்ரமெண்டோவின் சமவெளி வரை இறக்கமே. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். இறங்கத் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றி, எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ள விடுங்கள். டயர் காற்றைக் காலையில், ஓட்டும் முன் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். ஆறேழு வயதான டயர் என்றால் வேறு வண்டி கேளுங்கள்.

டகோட்டாவில் மாலை இடி, ஆலங்கட்டி மழை, சில சமயம் சூறாவளி எச்சரிக்கையும் வரும். சூறாவளி என்றால் வண்டிக்குள் இருக்கக் கூடாது. பார்க்கின் கான்கிரீட் குளியலறைக் கட்டடத்துக்கு ஓடுங்கள். வண்டியை விட்டு எங்கே போனாலும் அதன் பக்கவாட்டில் விரித்த வெயில் மறைப்புத் துணியைச் சுருட்டிவிட்டுப் போங்கள்.

காப்பீட்டு ஒப்பந்தத்தை முழுதும் படியுங்கள். உங்கள் கார் காப்பீடும் கடன் அட்டைச் சலுகையும் பெரும்பாலும் மோட்டார்ஹோமுக்குச் செல்லாது. வாடகை நிறுவனம் விற்கும் காப்பீட்டிலும் கூரைச் சேதம் விலக்கப்படுவது வழக்கம். பெற்றோரின் மருத்துவக் காப்பீடு பயணம் முடியும் நாள் வரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

யெல்லோஸ்டோனுக்குள் மின்சாரமும் தண்ணீரும் இணைப்பாகக் கிடைப்பது ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற முகாமில் மட்டும்தான். ஜூலைக்கு அது எப்போதோ நிரம்பியிருக்கும்; ரத்தாகும் இடங்களுக்காகத் தினமும் ஒருமுறை பாருங்கள். கிடைக்காவிட்டால் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் தங்கலாம்.

சான் பிரான்சிஸ்கோ நகருக்குள் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். ஏற்ற இறக்கமும் பார்க்கிங்கும் உங்களை அழவைக்கும். கடைசி இரவு சாக்ரமெண்டோவை ஒட்டிய பார்க் ஒன்றில் தங்கி, தொட்டிகளைக் காலி செய்து, எரிவாயுவை நிரப்பி, மறுநாள் காலை வண்டியை ஒப்படையுங்கள். நகரத்தைப் பார்க்க பார்ட் ரயில் இருக்கிறது. நிலையங்களில் லிஃப்டும் உண்டு, அம்மாவின் முழங்காலுக்குச் சிரமம் இருக்காது.