கணினி கேள்வி–பதில்: பழைய மதர்போர்ட்டில் புதிய புரொசசர்

கேள்வி: 2016 இல் வாங்கிய எங்கள் கணினியில் எச்110 மதர்போர்ட்டும் ஐ3-6100 புரொசசரும் உள்ளன. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மகன் விண்டோஸ் 11 வேண்டும் என்கிறான். பாவித்த ஐ5-8400 ஒன்று மலிவாக வந்திருக்கிறது. சொக்கட் (புரொசசர் அமரும் இடம்) ஒன்றே என்பதால் நேரடியாகப் பொருத்தலாம் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: வாங்க வேண்டாம். அந்தப் புரொசசர் உங்கள் சொக்கட்டில் சரியாக அமரும் என்பது உண்மைதான். ஆனால் நேரடியாகப் பொருத்தினால் கணினி இயங்காது. பழைய, புதிய சொக்கட்டுகள் இரண்டிலும் 1151 தொடுகைகள் இருந்தபோதிலும், 2017 ஒக்டோபரில் ஐ5-8400 அடங்கிய எட்டாம் தலைமுறையை வெளியிட்ட இன்டெல், முன்னர் ஒதுக்கி வைத்திருந்த தொடுகைகள் பலவற்றுக்குப் புதிய பணி கொடுத்தது. அதனால் மின்வழங்கலுக்கான தொடுகைகள் 128 இலிருந்து 146 ஆகவும், புவித்தொடுப்புக்கானவை 377 இலிருந்து 391 ஆகவும் உயர்ந்தன. ஆறு கோர் (கணிப்புகளைச் செய்யும் பகுதி) கொண்ட புரொசசர்களுக்குக் கூடுதல் மின்னோட்டம் தேவை என்று காரணம் காட்டி, 300 வரிசை சிப்செட்டையும் (மதர்போர்ட்டின் பகுதிகளை இணைத்து இயக்கும் சிப்) அந்நிறுவனம் கட்டாயமாக்கியது; உங்கள் எச்110 அதற்கு முந்திய 100 வரிசையைச் சேர்ந்தது.

அந்தத் தடை முற்றிலும் கடக்க முடியாததன்று என்பதை ஆர்வலர்கள் பின்னர் செய்து காட்டினார்கள். கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸில் புதிய புரொசசருக்குரிய மைக்ரோகோடை (புரொசசரின் உள் கட்டளைத் தொகுப்பை) சேர்த்து, சிப்செட்டுக்குள் இயங்கும் மனேஜ்மென்ட் எஞ்சின் என்னும் கட்டுப்பாட்டுப் பகுதியின் நிலைபொருளையும் உள்ளிணைந்த கிராபிக்ஸுக்கான பகுதியையும் மாற்றினால், நான்கு கோர் கொண்ட ஐ3-8100 பல பழைய மதர்போர்ட்களில் இயங்கிவிடுகிறது. உங்களுக்குச் சொல்லப்பட்ட ஐ5-8400 ஆறு கோர் கொண்டது என்பதால், அதன் அடிப்பக்கத் தொடுகைகளில் சிலவற்றை மெல்லிய காப்பு நாடாவால் மூடுவதும் சிலவற்றை ஒன்றோடொன்று இணைப்பதும் பெரும்பாலும் தேவைப்படும். பயோஸ் சேமிக்கப்பட்டுள்ள சிப்பின் பூட்டப்பட்ட பகுதியை வழமையான மென்பொருளால் எழுத முடியாது. சிஎச்341ஏ என்னும் சிறு கருவியைக் கவ்வியொன்றின் மூலம் சிப்பில் பொருத்தியே எழுத வேண்டும்.

வேலைக்குத் தேவைப்படாத ஒரு மதர்போர்ட்டில் ஐ3-8100 கொண்டு நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். முதல் முறை எழுதி முடித்தபின் திரை கறுப்பாகவே இருந்தது. கவ்வி சிப்பின் ஒரு காலைச் சரியாகத் தொட்டிருக்கவில்லை. மூல பயோஸை இரு தடவை வாசித்து, இரண்டு கோப்புகளும் ஒன்றேதானா என ஒப்பிட்டுச் சேமித்து வைத்திருந்தபடியால் மட்டுமே அந்த மதர்போர்ட் மீண்டது. கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு இது அருமையான பயிற்சி என்பதை மனதாரச் சொல்வேன். ஆயினும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் ஒரே கணினியில் இதைச் செய்து பார்ப்பதற்கு நான் உடன்படமாட்டேன். மலிவு விலைக்கென அமைக்கப்பட்ட எச்110 மதர்போர்ட்களில் மின்வழங்கல் பகுதி எளிமையானது. அதன் மீது வெப்பந்தணிப்பான்கூடப் பெரும்பாலும் இருக்காது. குளிரூட்டி இல்லாத கொழும்பு அறையொன்றில், ஆறு கோரும் மணிக்கணக்கில் முழு வேகத்தில் உழைப்பதை அது எவ்வளவு காலம் தாங்கும் என்ற கவலை எனக்கு உண்டு.

உங்கள் மதர்போர்ட்டுக்குரிய புரொசசர் பட்டியலைத் தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். பயோஸைப் புதுப்பித்தால் ஏழாம் தலைமுறையையும் ஏற்கும் எச்110 மதர்போர்ட்கள் பல. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த, நான்கு கோரும் எட்டுத் திரெட்டும் (ஒரே நேரத்தில் இயங்கும் பணித்தொடர்கள்) கொண்ட ஐ7-7700, உங்களிடமுள்ள இரண்டு கோர் ஐ3 இலிருந்து மிகப் பெரிய முன்னேற்றமாகும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் சென்றால் பாவித்த ஒன்றைத் தேடிப் பார்க்கலாம். விண்டோஸ் 11 அதையும் முறைப்படி ஏற்காது என்பதே இதிலுள்ள குறை. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸை நிறுவிக்கொள்ளும்படி மகனிடம் கூறுங்கள். பைதன் முதலான பாட வேலைகள் அதில் தடையின்றி நடக்கும். விண்டோஸ் 11 கட்டாயம் தேவையென்றால், எட்டாம் தலைமுறைப் புரொசசரை அதற்குரிய 300 வரிசை மதர்போர்ட்டுடன் சேர்த்து வாங்குவதே முறை; உங்களிடமுள்ள ராம் டிடிஆர்4 வகையாயின் அதையே தொடர்ந்து பாவிக்கலாம்.

கேள்வி: என்னிடம் ஏ320 மதர்போர்ட்டும் ரைசன் 3 1200 உம் உள்ளன. ரைசன் 5 5600 பொருந்தாது என்று முன்பு வாசித்தேன். இப்போதும் அப்படித்தானா?
– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நிலைமை மாறிவிட்டது. 5600 சேர்ந்த தலைமுறைப் புரொசசர்கள் 500 வரிசை சிப்செட் கொண்ட மதர்போர்ட்களுக்கு மட்டுமே என 2020 மே மாதத்தில் அறிவித்த ரைசன் தயாரிப்பாளர் ஏஎம்டி, பயனர்களின் எதிர்ப்புக்குப் பின் பி450, எக்ஸ்470 ஆகியவற்றுக்கும், 2022 இல் உங்கள் ஏ320 அடங்கிய 300 வரிசைக்கும் வழிவிட்டது. பல மதர்போர்ட்களின் பயோஸ் சிப் 16 மெகாபைட் மட்டுமே கொண்டது. எல்லாத் தலைமுறைகளுக்கும் அதில் இடமில்லை என்பது அன்று கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அதனால் புதிய பயோஸ் சில பழைய புரொசசர்களைக் கைவிட்டிருக்கலாம் என்பதைக் கவனியுங்கள். உங்கள் மதர்போர்ட்டின் பட்டியலில் 5600 இருப்பதை உறுதிசெய்த பிறகே பணம் கொடுங்கள். ரைசன் 3 ஐக் கழற்றாமல், யூபிஎஸ் இணைத்து, தயாரிப்பாளர் குறிப்பிட்ட வரிசைப்படி பயோஸைப் புதுப்பியுங்கள். புதிய புரொசசரைப் பொருத்துவது அதன் பின்னர்.