டெட் பாடியிலிருந்து எதை எடுக்கலாம்? பழைய ஃபிலிம் கேமரா கேள்வி பதில்

செங்கோட்டையில் என் மேஜைமேல் இன்றைக்குத் திறந்து கிடக்கும் கேமராக்களில் பாதிக்கு மேல் ஓடாதவை. நாங்கள் ‘டெட் பாடி’ என்போம். சுற்றுவட்டாரத்தில் ஃபிலிம் ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடியபோது சாக்குப்பையோடு வந்து சேர்ந்தவை. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஒரே ரகம்: இதில் இருப்பதைக் கழற்றி அதில் போடலாமா?

புனலூரிலிருந்து: அண்ணாச்சி, என் பென்டாக்ஸ் கே1000 விழுந்து, வ்யூஃபைண்டரின் கண்ணாடிக்கட்டியான பிரிசத்துக்கு மேல் மூடி நசுங்கிவிட்டது. ஜப்பானில் செய்தது. கொல்லத்தில் சீனாவில் செய்த ஒன்று பார்ட்ஸுக்கென்று மலிவாக வருகிறது. மூடியை மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. கே1000 1976 முதல் 1997 வரை விற்பனையில் இருந்தது. பெயர் ஒன்றுதான், ஆனால் ஜப்பான், ஹாங்காங், சீனா என்று செய்த இடம் மாறிக்கொண்டே போனது. பழையதில் மேல்மூடி உலோகம். கடைசிக் காலத்தில் பிளாஸ்டிக். வாங்குவதற்கு முன் ஸ்க்ரூ துளைகள் ஒத்துவருகிறதா என்று இரண்டு மூடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துவந்தாலும் உங்கள் கேமராவுக்குப் பிளாஸ்டிக் தொப்பி எதற்கு? உலோக மூடியைக் கழற்றி, உள்பக்கமிருந்து உருண்டை முனையுள்ள மரக்கட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் நசுங்கல் பெரும்பாலும் எழுந்துவிடும். தட்டக் கூடாது, அழுத்த வேண்டும்.

ஜப்பான் கேமராவின் ஸ்க்ரூ தலை நம் ஊர் பிளஸ் மாதிரி தெரியும், ஆனால் வெட்டு வேறு. ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தர அளவு) முனை டிரைவர் வாங்குங்கள். சாதாரண பிளஸ் டிரைவர் நழுவித் தலையைத் தின்றுவிடும். சில ஸ்க்ரூக்கள் இடமரை வேறு. ஒரு பக்கம் திருப்பி வரவில்லையென்றால் பலத்தைக் காட்டாமல் மறுபக்கம் மெதுவாக முயலுங்கள்.

தென்காசியிலிருந்து: இரண்டு பென்டாக்ஸ் இருக்கின்றன. ஒன்றில் லென்ஸ் மாட்டும் வளையம் தேய்ந்து ஆடுகிறது. மற்றதிலிருந்து எடுத்துப் போட்டால் போதுமா?

போதும், ஒரு விஷயத்தைக் கவனித்தால். வளையத்தைத் தூக்கியதும் அடியில் காகிதம் மாதிரி மெல்லிய தகடுகள் இருக்கலாம். ஷிம் என்பார்கள். அவை வளையத்தின் சொத்து அல்ல, பாடியின் சொத்து. வளையத்திலிருந்து ஃபிலிம் வரை பென்டாக்ஸுக்கு 45.46 மி.மீ. இருக்க வேண்டும். பாடிக்குப் பாடி வார்ப்பில் சிறு வித்தியாசம் வரும், அதைச் சரிக்கட்டத்தான் இந்தத் தகடு. வளையம் போகட்டும், தகடு பிறந்த வீட்டிலேயே இருக்கட்டும்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். தொழில் பழகின புதிதில் இரண்டு பாடியைச் சேர்த்துத் திறந்து தகடுகளைக் கலந்துவிட்டேன். மாட்டியதும் கிட்டத்தில் எல்லாம் அழகாக விழுந்தது. வாங்கிப் போனவர் அருவிக்கரையில் ஆட்களை நிற்கவைத்து எடுப்பவர், அவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. ஒருநாள் மலையை எடுத்தாராம், மலை மட்டும் மங்கல். காரணம் கணக்கில் இருக்கிறது. 50 மி.மீ. லென்ஸில் தகடு 0.1 மி.மீ. கூடிப்போனால், லென்ஸைக் கடைசிவரை திருப்பினாலும் சுமார் 25 மீட்டருக்கு மேல் கூர்மை எட்டாது. வ்யூஃபைண்டரிலும் அதே மங்கல்தான் தெரியும், ஏனென்றால் உள்ளே படம் விழும் ஃபோகஸ் திரைக்குப் போகும் தூரமும் அதே அளவு கூடிவிடுகிறது. அவர் கண்ணைக் குறை சொல்லிக் கண்ணாடிகூட மாற்றிவிட்டார், பாவம்.

அதே தம்பி: அப்படியானால் வ்யூஃபைண்டரில் கூர்மையாகத் தெரிந்து, ஃபிலிமில் மட்டும் மங்கினால்?

அது வேறு வியாதி. படத்தை வ்யூஃபைண்டருக்குத் திருப்பும் மிரர் இறங்கி நிற்கும் முட்டு நகர்ந்திருக்கும், இல்லை ஃபோகஸ் திரையை மாற்றும்போது அதன் கீழ்த்தகடு விட்டுப்போயிருக்கும். சோதிக்க வழி எளிது. பின்கதவைத் திறந்து, ஃபிலிம் படியும் உள் தண்டவாளத்தின் மேல் மங்கல் டேப்பை விறைப்பாக ஒட்டுங்கள். ஷட்டரை ‘பி’யில் வைத்து அழுத்திப் பிடித்து, லென்ஸை முழுக்கத் திறந்து, தூரத்து மலை விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். டேப்பில் கூர்மையாக விழும் இடமும் வ்யூஃபைண்டரில் கூர்மையாகத் தெரியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கு மலைக்கா பஞ்சம்!

அச்சன்கோவிலிலிருந்து: சேட்டா, கேனான் ஏ.இ.-1 ஒவ்வொரு படத்துக்கும் இருமுகிறது. ஏ.இ.-1 புரோகிராம் டெட் பாடி ஒன்று இருக்கிறது. மிரர் பெட்டியை முழுசாக மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்.

வேண்டவே வேண்டாம். அந்த இருமலுக்கு மாற்று உறுப்பு தேவையில்லை, ஒரு சொட்டு எண்ணெய் போதும். மிரரின் வேகத்தைத் தணிக்கும் சிறு பற்சக்கரங்கள் உலர்ந்துபோவதால் வரும் சத்தம் அது. சொட்டு என்றால் குண்டூசி முனையில் எடுக்கும் அளவு. தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம், கடிகார எண்ணெய்.

மிரர் பெட்டியைத் தூக்கினால் உள்ளே வளையும் சர்க்யூட் தகடு பாடி முழுக்கச் சுற்றிக்கொண்டு இருக்கும். அதில் வெளிச்சம் அளக்கும் மீட்டரை அந்தந்த பாடிக்கென்று திருகிச் சரிசெய்து வைத்திருப்பார்கள். 1976-இல் மைக்ரோபிராசசரோடு வந்த முதல் எஸ்.எல்.ஆர். (மிரர் வைத்து லென்ஸ் வழியே பார்க்கும் கேமரா) ஏ.இ.-1தான். மெக்கானிக்கல் கேமராவைப் பிரிக்கும் தைரியத்தோடு அதில் கை வைக்காதீர்கள். உங்கள் டெட் பாடியிலிருந்து பேட்டரி மூடியை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். இந்தக் குடும்பத்தில் முதலில் உடைவது அந்தப் பிளாஸ்டிக் கொக்கிதான்.

ஆரியங்காவிலிருந்து: ஒலிம்பஸ் ஓ.எம்.-1, வ்யூஃபைண்டரில் கறுப்புக் கறையாகத் தெரிகிறது. படத்தில் விழவில்லை.

பிரிசம் போய்விட்டது. பிரிசத்தை ஒட்டி ஒரு நுரைப்பட்டை வைத்திருப்பார்கள். அது பிசினாக உருகிக் கண்ணாடியின் வெள்ளிப்பூச்சை அரித்துவிடும். ஓ.எம்.-1க்கு இது பரம்பரை நோய். துடைத்தால் கறை போகாது, பூச்சே போனபின் எதைத் துடைப்பது? ஓ.எம்.-10 டெட் பாடி ஒன்று தேடுங்கள். உள்ளே ஷட்டர் மேக்னட் ஒட்டிக்கொண்டு ஓடாமல் கிடப்பவை மலிவாக வரும். அதன் பிரிசம் ஓ.எம்.-1இல் உட்காரும். விரல் படாமல் மாட்டி, மிச்ச நுரையை ஒரு துணுக்குகூட விடாமல் சுரண்டுங்கள். விட்டால் புது பிரிசத்துக்கும் அதே கதி.

குற்றாலத்திலிருந்து: யாஷிகா எஃப்.எக்ஸ்.-3 ஒன்று, நிக்கான் எஃப்.எம்.10 ஒன்று. இரண்டும் ஒரே கம்பெனி செய்தது என்கிறார்கள். அப்படியானால் பார்ட்ஸ் மாறுமா?

இரண்டையும் செய்து கொடுத்தது ஜப்பானின் கோசினா. ஒலிம்பஸ் ஓ.எம்.-2000ம் அங்கே செய்ததே. ஒரே தறியில் நெய்து வேறு வேறு கடை முத்திரை குத்தின சேலை மாதிரி. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். எஃப்.எக்ஸ்.-3இன் ஷட்டர் 1/1000 நொடி வரை, எஃப்.எம்.10 1/2000 வரை. லென்ஸ் வளையத்திலிருந்து ஃபிலிம் தூரம் யாஷிகாவுக்கு 45.5, நிக்கானுக்கு 46.5 மி.மீ. முன்பாகம் மாறவே மாறாது. சில்லறைச் சாமான்களை அளந்து பார்த்துப் போடலாம்.

எஃப்.எக்ஸ்.-3இன் தோல் உரிந்து பொடியாகிறதா என்று நீங்கள் கேட்கவில்லை. உரிந்திருக்கும். உரியாத எஃப்.எக்ஸ்.-3 என் கைக்கு வந்ததில்லை. பழைய தோலைத் துண்டு துண்டாகக் காகிதத்தில் ஒட்டி, அதை அச்சாக வைத்து, பை தைப்பவரிடம் மெல்லிய தோல் வாங்கி வெட்டிக்கொள்ளுங்கள்.

பண்பொழியிலிருந்து ஓர் அக்கா: அப்பாவின் ஸ்டூடியோ யாஷிகா மேட் 124 ஜி. கீழ் லென்ஸில் பூஞ்சை கண்ணாடியையே அரித்துவிட்டது. இன்னொரு கேமராவின் லென்ஸைப் போடலாமா?

போடலாம் அக்கா, ஆனால் இதில் இரண்டு லென்ஸும் ஜோடி மாடுகள். மேலே இருப்பது பார்க்க, கீழே இருப்பது எடுக்க. இரண்டும் ஒரே பலகையில் சேர்ந்து முன்னும் பின்னும் நகர்கின்றன. கீழ் லென்ஸின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே கேமராவிலிருந்து சேர்த்தே எடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்துப் பழையதோடு கலந்தால் படம் எப்படி வரும் என்று சொல்ல முடியாது. மாட்டியபின் மேலே சொன்ன டேப் சோதனைதான், இங்கே சதுரப் பரப்பு முழுக்க. பொருந்தவில்லையென்றால் கீழ் லென்ஸைத் தொடாமல், மேல் லென்ஸை அதன் மரையில் சிறிது திருகிச் சரிக்கட்டுங்கள்.

சாரல் மாதங்களில் கேமராவைத் தோல்பையில் பூட்டி வைக்காதீர்கள், பூஞ்சைக்குத் தோல்பைதான் தாய்வீடு. சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள்.

தென்மலையிலிருந்து: யாஷிகா எம்.எஃப்.-2இல் ஃபிளாஷ் ஏறவில்லை. இன்னொன்றிலிருந்து சர்க்யூட்டை எடுத்து நானே பற்றவைக்கலாமா?

கூடாது. பேட்டரி பென்டார்ச்சு பேட்டரிதான், ஆனால் கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் நிற்கும். பேட்டரியைக் கழற்றி நாள் கணக்கானாலும் மிச்சம் இருக்கலாம். பழகினவர்களிடம் கொடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: நிக்கான் எஃப்.எம்.2 என் என்று சொல்லி விற்கிறார்கள். நம்பர் ‘என்’ எழுத்தோடு தொடங்குகிறது, ஆனால் டயலில் எக்ஸ் 200 என்று இருக்கிறது. வாங்கலாமா?

நல்ல கண் உங்களுக்கு. 1982-இல் வந்த முதல் எஃப்.எம்.2இல்தான் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் ஷட்டர் வேகத்துக்கு எக்ஸ் 200, அதாவது 1/200 நொடி. 1984-இல் வந்த ‘என்’ மாடலில் அது இல்லை, 250 சிவப்பில் இருக்கும். நம்பர் மேல்மூடியின் பின்பக்கம் பொறித்தது. ஆக, ஒன்றின் மூடியும் மற்றதன் டயலும் சேர்ந்திருக்கின்றன. ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன், என்னைப் போல ஒருவன் டெட் பாடியை வைத்து ஒப்பேற்றியிருக்கலாம். ‘என்’ மாடலுக்கான விலையை மட்டும் கொடுக்காதீர்கள். பின்கதவைத் திறந்து ஷட்டர் இதழைப் பாருங்கள். தேன்கூடு மாதிரி கோடு இருந்தால் டைட்டானியம். விரலால் தொட்டுப் பார்க்கவேண்டாம். அதில் ஒரு மடிப்பு விழுந்தால் மாற்ற என்னிடம் இப்போது இதழ் இல்லை.