அப்பாவுக்குச் சர்க்கரை, மகளுக்கு இளைப்பு: எந்த ஹீட்டர் வாங்கலாம்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 74. இருபது வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, பாதங்கள் மரத்துப்போகின்றன. என் 6 வயது மகளுக்குக் குளிர் தொடங்கினாலே இளைப்பு வந்துவிடும். இருவரும் ஒரே அறையில்தான் தூங்குகிறார்கள். அறை சுமார் 120 சதுர அடி. கடையில் ஹாலஜன், ஃபேன், ஆயில் என்று பல வகை ஹீட்டர் காட்டினார்கள். ஹீட்டர் போட்டால் அறையில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எதை வாங்குவது?

பதில்: உங்கள் வீட்டுக்கு ஆயில் ஹீட்டர்தான் சரி. அப்பாவின் பாதங்களை நினைத்துத்தான் முதலில் இதைச் சொல்கிறேன்.

ஹாலஜன் ஹீட்டர் காற்றைவிட, எதிரே இருக்கும் உடம்பைத்தான் நேராகச் சுடும். போட்ட நிமிடமே இதமாக இருப்பதால் பெரியவர்கள் காலை அதன் பக்கம் நீட்டிக்கொண்டே உட்காருவார்கள். நமக்குச் சூடு அதிகமானால் கால் தானாக விலகும். நரம்பு மரத்துப்போன காலுக்கு அந்த எச்சரிக்கை வராது. என்னிடம் வந்த ஒருவருக்குச் சாக்ஸைக் கழற்றும்போது அது பெருவிரலோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்தது. எப்போது சுட்டது என்று அவருக்குத் தெரியவில்லை, வலி இல்லை. அந்தப் புண் ஆற மூன்று மாதம் பிடித்தது. தினமும் ஹீட்டர் முன் உட்காருகிறவர்களின் கெண்டைக்காலில் மீன்வலை போலப் பழுப்புக் கோடுகள் விழுவதையும் பார்த்திருக்கிறேன். கொப்புளம் போடாத அளவுச் சூடே, பல வாரம் தொடர்ந்தால், தோலை அப்படி ஆக்கிவிடும்.

ஃபேன் ஹீட்டர் சீக்கிரம் சூடாக்கும். ஆனால் அறையில் இருக்கும் தூசியையும் கிளப்பிவிடும். இளைப்புள்ள குழந்தை தூங்கும் அறைக்கு அது வேண்டாம்.

ஆயில் ஹீட்டரில் எண்ணெய் எரிவதில்லை. மூடிய உலோகப் பட்டைகளுக்குள் இருக்கும் எண்ணெயைக் கம்பிச்சுருள் சூடாக்குகிறது, அந்தச் சூடு மெல்ல அறைக்குப் பரவுகிறது. எண்ணெய் மாற்றவோ ஊற்றவோ வேண்டியதில்லை. சத்தமும் வெளிச்சமும் இல்லை. மெதுவாகத்தான் சூடேறும் என்பதால், படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். இதன் பட்டையும் தொட்டால் சுடும், ஆகவே கட்டிலிலிருந்து, போர்வையிலிருந்து, திரைச்சீலையிலிருந்து 3 அடி தள்ளியே இருக்க வேண்டும். அப்பா காலை அதன்மேல் வைத்துச் சூடுகாட்டக் கூடாது.

ஆக்சிஜன் பயம் வேண்டாம். மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை, ஆகவே அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதும் இல்லை, கார்பன் மோனாக்சைடை விடுவதும் இல்லை. உயிரைப் பறிப்பது மூடிய அறையில் வைக்கும் கரி அடுப்பும் மண்ணெண்ணெய் அடுப்பும்தான். மின்சாரம் போன இரவில்கூட அவற்றை அந்த அறைக்குள் கொண்டுவராதீர்கள்.

ஹீட்டர் போட்ட அறையில் மூச்சுமுட்டுவதுபோல் தோன்றினால், அதற்குக் காரணம் வறட்சி. 10 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால், காற்றில் உள்ள நீர் அப்படியே இருந்தும் ஈரப்பதம் 42 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். தொண்டை காயும், மூக்கு எரியும். இதற்காக ஈரப்பதம் கூட்டும் கருவியை இரவெல்லாம் ஓடவிட வேண்டாம். அறை ஈரமானால் பூஞ்சையும் தூசிப்பூச்சியும் பெருகும், மகளுக்கு அதுதான் கெடுதல். கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், சூட்டைக் குறைத்து வையுங்கள், போதும். மகளின் இன்ஹேலரை டாக்டர் சொன்னபடி தொடருங்கள். ஹீட்டர் அதற்கு மாற்று ஆகாது.

எவ்வளவு சூடு? வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும் என்பதால், அப்பாவின் வயதில் இது ஆடம்பரச் செலவு இல்லை. 18 முதல் 20க்குள் வைத்துக்கொண்டு மீதியைப் போர்வைக்கு விடுங்கள்.

உங்கள் அறைக்கு 1500 வாட் தாராளம். 1500 வாட் என்றால் எந்த விலை ஹீட்டரும் அதே அளவு சூட்டைத்தான் தரும், ‘குறைந்த மின்சாரத்தில் இரட்டிப்புச் சூடு’ என்ற பேச்சை நம்பாதீர்கள். வைத்த அளவுச் சூடு வந்ததும் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா, சாய்ந்தால் தானே அணைகிறதா என்று மட்டும் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். பிளக்கை நேராகச் சுவர் சாக்கெட்டில்தான் போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இந்த மின்சாரத்தைத் தாங்காமல் உருகித் தீப்பிடிக்கலாம். பத்து நிமிடம் ஓடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை சுட்டால் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அறை சூடானதும், தூங்குவதற்கு முன் அணைத்துவிடுவதே நல்லது.

இன்னொன்று. குளிர் முடியும்வரை தினமும் இரவில் அப்பாவின் இரண்டு பாதங்களையும் அடிப்பகுதி, விரலிடுக்கு உட்பட விளக்கு வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். சிவப்போ கொப்புளமோ தெரிந்தால், வலி இல்லை என்று அவர் சொன்னாலும், அடுத்த நாளே டாக்டரிடம் காட்டுங்கள்.