ஊர் சுற்றினால் கலையா?

கேள்வி: இலக்கில்லாமல் ஊர் சுற்றுவது, வழியில் யாரையோ சந்திப்பது, இதெல்லாம் கலையா? நானும் செய்யலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: சுற்றினால் மட்டும் போதாது, விதியும் பதிவும் வேண்டும். அமெரிக்கக் கலைஞர் விட்டோ அக்கோஞ்சி 1969 அக்டோபரில் நியூயார்க்கில் தினம் ஒரு அந்நியரைப் பின்தொடர்ந்தார். அந்த ஆள் தனியிடத்துக்குள் நுழைந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. (இன்று செய்தால் போலீஸ் வரும், வேண்டாம்.)

உங்களுக்கு ஜப்பானியக் கலைஞர் ஒன் கவாராவின் வழி தோது. 1968 முதல் 1979 வரை, அன்றன்று போன பாதையை வரைபட நகலில் சிவப்புப் பேனாவால் கோடிட்டார். சந்தித்தவர்கள் பெயரைத் தட்டச்சு செய்து தேதி முத்திரை குத்தினார். கருத்து ஒரு வரிகூடக் கிடையாது. பலர் கோட்டைவிடுவது, வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுவதில்தான். வரிசை குழம்பும், சுவாரசியமானவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள், டீக்கடைக்காரர் காணாமல் போவார். அன்றிரவே எழுதிவிடுங்கள்.