கல்மேட்டில் மாடு மேயும் மாதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஜூலையில் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கிளேர் கவுண்டிக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். கடலோரத்து மோஹர் செங்குத்துப் பாறைகள் பிரமிக்க வைத்தன. அவற்றுக்கு வடக்கே பர்ரன் பகுதியோ சாம்பல் நிறக் கல்லாகவே கிடந்தது. மாடு வளர்ப்புதான் அங்கே தொழில் என்று எழுதியிருந்தீர்கள். மேட்டில் ஒரு மாட்டைக்கூடக் காணோமே?

ர.

அன்புள்ள ர. அவர்களுக்கு,

நீங்கள் போயிருந்த ஜூலை மாதம் அப்படி. பொதுவாக மலைநாடுகளில் கோடையில் மேட்டுக்கு ஓட்டிய மாடுகளைக் குளிருக்கு முன் கீழே இறக்கிவிடுவார்கள். பர்ரனில் அக்டோபர் கடைசியில் ஏற்றி, ஏப்ரல் வாக்கில் இறக்குகிறார்கள். எல்லாம் கல் செய்யும் வேலை. 214 மீட்டர் வரை உயரும் மோஹர் பாறைகள் ஷேல் என்ற களிமண் பாறையும் மணற்கல்லும் அடுக்கடுக்காக அமைந்தவை. பர்ரனோ சுண்ணாம்புக்கல். எவ்வளவு மழை கொட்டினாலும் பிளவுகள் வழியே நிலத்தடிக்குள் இறங்கிவிடுவதால், கோடையில் மேட்டில் மாடு குடிக்கத் தண்ணீர் இருக்காது. அதே கல் குளிர்காலத்தில் சேறில்லாத படுக்கையாகிறது. கோடையில் வாங்கிய வெப்பத்தை மெல்ல விடுவதாலும், அட்லாண்டிக்கின் இதமான காற்றாலும் புல் வளர்வது முற்றிலும் நிற்பதில்லை.

1651இல் இங்கே படையோடு வந்த லட்லோ என்ற ஆங்கிலேயத் தளபதி, ஒருவனை மூழ்கடிக்கத் தண்ணீரோ, தூக்கிலிட மரமோ, புதைக்க மண்ணோ இல்லாத நாடு என்று எழுதிவைத்தார். சுற்றுலாக் கையேடுகள் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. பாறைகளுக்கிடையே இரண்டு மூன்றடிச் சதுரத்தில் வளரும் புல் இனிப்பும் சத்தும் மிக்கது, மாடுகள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன என்று அவரே தொடர்ந்து எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

குளிரில் மாடுகள் முரட்டுப் புல்லைத் தின்று தீர்த்துவிடுவதால், வசந்தத்தில் சிறு செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. ஆல்ப்ஸ் மலைக்குரிய நீல ஜென்ஷியனும் மத்தியதரைக் கடல் பக்கத்து ஆர்க்கிட்டும் இங்கே ஒரே சரிவில் பூக்கின்றன. முழங்கால் ஆழப் பிளவுக்குள் குனிந்து பார்த்தால், மேலே வீசும் கடற்காற்று தொடாத மெல்லிய பெரணிகள் தெரியும். மாடுகளைக் கொட்டகையிலேயே கட்டித் தீனி போடும் வழக்கம் பரவிய இடங்களில் ஹேசல் புதர் மூடிக்கொண்டது. அதனால் 2010 முதல், புல்வெளியின் நிலைக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, அதற்கேற்ப விவசாயிகளுக்குப் பணம் தருகிறார்கள். மேய்ச்சலை நிறுத்தி இயற்கையைக் காப்பதாகச் சொல்லும் திட்டங்களைவிட இது விவரமான ஏற்பாடு என்பேன்.

அடுத்த முறை அக்டோபர் கடைசி வார இறுதியில் போய்ப் பாருங்கள். அப்போது மாடுகளை மேட்டுக்கு ஓட்டிச் செல்வதையே விழாவாக நடத்துகிறார்கள். வெளியூர்க்காரர்களும் பின்னால் நடந்து செல்லலாம்.