அரிசோனாவின் தொலைந்த டச்சுக்காரர் தங்கச் சுரங்கம் நிஜமாகவே இருக்கிறதா? தம்பி தேடப் போகிறான், விடலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தம்பி வேலைக்காக ஃபீனிக்ஸ் வந்திருக்கிறார், மே மாதக் கடைசியில் வரும் நீண்ட வார விடுமுறையில் மூன்று நண்பர்களோடு சூப்பர்ஸ்டிஷன் மலைக்குள் போய் இரண்டு ராத்திரி தங்கித் தேடப் போகிறார், அதற்காக இணையத்தில் காசு கொடுத்து ஒரு வரைபடம் வாங்கி வைத்திருக்கிறார், அங்கே தங்கம் இருக்கிறதா இல்லையா என்று கேட்கிறீர்கள். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் வேண்டாம். தயவுசெய்து இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். தங்கத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நான் ஃபீனிக்ஸ் பக்கத்து ஊரான சாண்ட்லரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். அந்த மலை எங்கள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். நவம்பரிலிருந்து மார்ச் வரை மாதம் ஒரு தடவையாவது போய்விடுவேன், பெரால்ட்டா பாதையில் மட்டும் முப்பது தடவைக்கு மேல் ஏறியிருப்பேன். இந்தக் கதைமேல் எனக்கும் பெரிய ஆசை உண்டு, கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறேன். அதனால் தம்பியின் ஆர்வம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

கதை இதுதான். ஜேக்கப் வால்ட்ஸ் என்று ஒருவர். ஜெர்மனியிலிருந்து வந்தவர். ஜெர்மன்காரர்கள் தங்களை 'டாய்ச்' என்று சொல்லிக்கொள்வார்கள் இல்லையா, அது இங்கே இருந்தவர்கள் காதில் 'டச்சு' என்று விழுந்து, அவர் டச்சுக்காரர் ஆகிவிட்டார். ஃபீனிக்ஸ் பக்கம் சால்ட் ஆற்றங்கரையில் நிலம் வைத்துத் தனியாக வாழ்ந்த கிழவர். 1891 பிப்ரவரியில் ஆற்றில் பெரிய வெள்ளம் வந்து அவர் வீடு வாசல் எல்லாம் போய்விட்டது. உடம்பும் கெட்டுப்போன அவரைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் ஜூலியா தாமஸ் என்ற பெண், ஊரில் ரொட்டிக்கடை நடத்திக்கொண்டிருந்தவர். அந்த வீட்டில்தான் 1891 அக்டோபர் 25-ல் வால்ட்ஸ் இறந்தார். கட்டிலுக்கு அடியில் மெழுகுவர்த்திப் பெட்டி ஒன்றில் தங்கம் ஓடிய கற்கள் இருந்தன என்றும், சாகும் தறுவாயில் சுரங்கத்துக்கு வழி சொன்னார் என்றும் சொல்கிறார்கள். கதையின் வேர் இவ்வளவுதான். 130 வருடத்துக்கு மேலாக ஆட்கள் அந்த மலைக்குள் போவதற்கு, ஒரு கிழவர் படுக்கையில் சொன்ன அந்தச் சில வார்த்தைகள்தான் காரணம்.

அந்த வார்த்தைகளைக் கேட்டவர் என்ன ஆனார் என்று பாருங்கள். 1892 கோடையில் ஜூலியா கடையை விற்று, அந்தப் பணத்தில் வண்டியும் சாமானும் வாங்கிக்கொண்டு, இரண்டு ஜெர்மன் சகோதரர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மலைக்குப் போனார். கோடையில்! வாரக்கணக்கில் அலைந்து ஒன்றும் கிடைக்காமல் திரும்பினார். கையில் காசில்லை. அப்போதுதான் சுரங்கத்துக்கு வழிகாட்டும் வரைபடம் என்று வரைந்து விற்க ஆரம்பித்தார், ஒன்று ஏழு டாலர் என்று சொல்வார்கள். 1917-ல் வறுமையிலேயே இறந்துபோனார்.

எனக்கு இந்தப் பெண்ணை நினைத்தால் மனசு கனத்துவிடும். ஆதரவில்லாத கிழவரை ஏழெட்டு மாதம் வைத்துப் பார்த்தவர், கடைசியில் இருந்த கடையையும் இழந்தார். அவர்மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள். கிழவர் வாயாலேயே வழியைக் கேட்டவர், அடுத்த வருடமே போய்த் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் வரைந்த படத்தை வைத்து வேறொருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? 1895 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் பத்திரிகையில் பிக்நெல் என்பவர் இதைக் கட்டுரையாக எழுதினார், துப்புகளெல்லாம் அதன் வழியாக ஊரெல்லாம் பரவின. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்கு ஒரு துப்பைச் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் தம்பி காசு கொடுத்து வாங்கிய வரைபடம் இந்த வம்சத்தில் வந்த ஒன்று.

அந்த வம்சத்தில் இன்னொன்று பெரால்ட்டா கற்கள். பெரால்ட்டா என்ற மெக்சிகோ குடும்பம் 1840-களில் அங்கே சுரங்கம் வைத்திருந்தது, அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான அப்பாச்சிகள் அவர்களைக் கொன்றுவிட்டார்கள், தப்பியவர்கள் கல்லில் வழியைச் செதுக்கி வைத்தார்கள் என்று ஒரு கிளைக்கதை உண்டு. 1949 வாக்கில் மலைக்குத் தெற்கே நெடுஞ்சாலை ஓரத்தில் கிடைத்ததாகச் சொல்லப்படும் கற்கள் அவை. ஒரு கல்லில் குதிரை, ஒரு கல்லில் நீள அங்கி போட்ட உருவம், இன்னொன்றில் இருதய வடிவத்தில் ஒரு பள்ளம், அதில் சரியாகப் போய் உட்காரும் இருதய வடிவக் கல். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. ஆனால் குதிரைக்கு ஸ்பானிய மொழியில் 'கபாயோ' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கொபொயோ' என்று செதுக்கியிருக்கிறது. தாய்மொழியில் எழுதுகிறவர் குதிரை என்ற சொல்லைத் தப்பாக எழுதுவாரா? ஸ்பானிய மொழி அரைகுறையாகத் தெரிந்த யாரோ பின்னாளில் செய்தது என்றே நான் நினைக்கிறேன்.

சரி, தங்கம் இருக்கிறதா?

சூப்பர்ஸ்டிஷன் மலை முழுக்க எரிமலைப் பாறை. ஏறக்குறைய இரண்டு கோடி வருடத்துக்கு முன்னால் எரிமலைகள் வெடித்துக் கொட்டிய சாம்பல் இறுகிப் பாறையானது. அந்த மாதிரிப் பாறையில் கட்டி கட்டியாகத் தங்கம் ஓடும் வெண்கல் (குவார்ட்ஸ்) நரம்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றுதான் நிலவியல் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் மலையின் மேற்கு அடிவாரத்திலேயே கோல்ட்ஃபீல்ட் என்ற இடத்தில் அதைவிடப் பழைய பாறை மேலே வருகிறது, அங்கே 1892-ல் நிஜமாகவே தங்கம் கிடைத்தது. ஒரு ஊரே எழும்பி, சில வருடத்தில் நரம்பு தீர்ந்துபோய் ஊரும் காலியானது. இப்போது சுற்றுலா இடமாக வைத்திருக்கிறார்கள், குழந்தைகளோடு போகலாம். வால்ட்ஸிடம் இருந்த கற்கள் இந்தப் பக்கத்திலிருந்து எடுத்தவையாக இருக்கலாம். இல்லாவிட்டால் 1860-களில் அவர் பிராட்ஷா மலைப் பக்கம் முறையாகப் பதிவு செய்து வைத்திருந்த சுரங்கங்களிலிருந்து வந்திருக்கலாம். இரண்டில் எது சரியானாலும், உங்கள் தம்பி போகப் போகிற பள்ளத்தாக்குகளில் அது இல்லை.

அப்படியே தங்கம் அங்கே இருந்தாலும் எடுக்க முடியாது என்பது வேறு விஷயம். அந்த மலை டோன்டோ தேசியக் காட்டுக்குள் இருக்கிறது, சுமார் 1,60,000 ஏக்கர் காப்பு வனம். 1984 தொடங்கியதிலிருந்து அங்கே புதிதாகச் சுரங்க உரிமை பதிய முடியாது. இயந்திரம் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. புதையல் என்று தோண்ட வேண்டுமானால் வன இலாகாவிடம் தனி அனுமதி வாங்க வேண்டும், அது லேசில் கிடைக்காது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை எடுத்தால் அது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். வேலை விசாவில் இருக்கும் பையன் இந்த மாதிரி வழக்கில் மாட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது மே மாதத்துக்கு வருகிறேன்.

1931 ஜூனில் அடால்ஃப் ரூத் என்பவர் வாஷிங்டனிலிருந்து வந்தார். 66 வயது. அதற்கு முன்பே கலிபோர்னியாவில் இன்னொரு தொலைந்த சுரங்கத்தைத் தேடிப் போய்க் காலை உடைத்துக்கொண்டவர், கம்பி வைத்த காலோடு நடந்தவர். அவர் கையிலும் ஒரு பழைய வரைபடம், மகன் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. உள்ளூர் மாட்டுக்காரர்கள் இரண்டு பேர் அவரைக் கொண்டுபோய் ஒரு ஊற்றுப் பக்கம் இறக்கிவிட்டு வந்தார்கள். அத்தோடு ஆளைக் காணோம். டிசம்பரில் மண்டையோடு கிடைத்தது, அதில் இரண்டு துளைகள். அடுத்த ஜனவரியில் மற்ற எலும்புகள், முக்கால் மைல் தள்ளி. உடைமைகளோடு ஒரு குறிப்பும் இருந்தது, அதில் வழி மாதிரி ஏதோ எழுதி, கடைசியில் 'வந்தேன், கண்டேன், வென்றேன்' என்று லத்தீனில் எழுதியிருந்தார். வரைபடத்தைக் காணவில்லை. சுட்டுக் கொன்றார்கள் என்று ஒரு கட்சி, தாகத்தில் செத்தார் என்று ஒரு கட்சி, இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த லத்தீன் வரியைப் பிடித்துக்கொண்டு, அவர் சுரங்கத்தைப் பார்த்துவிட்டார் என்று எத்தனையோ பேர் பின்னால் போனார்கள். நான் அதைப் படிக்கும்போதெல்லாம், ஜூன் வெயிலில் கால் வலியோடு தனியாக உட்கார்ந்திருந்த ஒரு மனிதர்தான் கண்ணுக்குள் வருகிறார்.

பழைய கதை என்று தம்பி சொல்லலாம். 2010 ஜூலையில் யூட்டாவிலிருந்து மூன்று பேர் இதே சுரங்கத்தைத் தேடிப் போனார்கள். அவர்களில் ஒருவர் முந்தைய வருடமே அதே மலையில் மாட்டிக்கொண்டு, மீட்புக் குழு போய்க் கூட்டிவந்தவர். மூவருமே திரும்பவில்லை. 2011 ஜனவரியில்தான் எச்சங்கள் கிடைக்கத் தொடங்கின. அதற்கு முன்னால், 2009 டிசம்பரில் டென்வரிலிருந்து வந்த ஓர் இளைஞர், இந்தக் கதையையே வருடக்கணக்காகப் படித்துக்கொண்டிருந்தவர், தனியாகப் போய்க் காணாமல் போனார். மூன்று வருடம் அவர் குடும்பம் காத்திருந்தது, உடல் 2012-ல் ஒரு பாறைச்சரிவில் கிடைத்தது. அது நல்ல குளிர்காலம், தண்ணீர்ப் பிரச்சினைகூட இல்லாத மாதம். தனியாகப் பாறையில் ஏறினால் அதுவே போதும்.

மே கடைசியில் ஃபீனிக்ஸில் 40 டிகிரி சாதாரணம். நம் ஊரில் பார்க்காத வெயிலா என்று தம்பி நினைப்பார், நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் வெயிலில் வேர்வை சட்டையை நனைக்கும், உடம்பு தண்ணீரை இழப்பது நமக்கே தெரியும். இங்கே வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், சட்டை உலர்ந்தே இருக்கும், உள்ளே வற்றிக்கொண்டிருப்பது தலை சுற்றும்போதுதான் தெரியும். ஒரு தடவை ஏப்ரல் நடுவில் என் நண்பர் ஒருவரோடு பெரால்ட்டா பாதையில் ஃப்ரீமாண்ட் கணவாய் வரைக்கும் போனேன், ஒரு வழி நாலு கிலோமீட்டர் ஏற்றம்தான். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் கொண்டுபோனோம். இறங்கும்போது அவருக்குப் பேச்சு குழறியது. கள்ளி நிழலில் உட்காரவைக்கலாம் என்று பார்த்தால், சகுவாரோ கள்ளி முப்பது நாற்பது அடி உயரம் நிற்கும், அதன் நிழல் ஒரு கம்பத்தின் நிழல் அகலம்தான். வழியில் வந்த ஒரு தம்பதி தண்ணீரும் உப்புப் பொடியும் கொடுத்துத்தான் இறங்கி வந்தோம். அதற்குப் பிறகு நாலு லிட்டருக்குக் குறைவாக நான் எடுத்துப் போவதில்லை, ஏப்ரல் பிறந்தால் போவதே இல்லை.

அன்றைக்குக் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டிய வயது, 1970-களின் கடைசியிலிருந்து தேடுகிறவர். என் நண்பரின் முகத்தைப் பார்த்ததுமே தன் வண்டியில் ஏற்றி உட்காரவைத்து, ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுவிட்டார். கொஞ்சம் தெளிந்ததும் பேச்சுக் கொடுத்தேன். வரைபடம் இருக்கிறதா என்று கேட்டதும் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து ஒட்டிய ஒரு தாளை வண்டியின் பின்பலகையில் விரித்தார். அதில் சுரங்கம், குறுக்குக் குறி, அம்பு எதுவும் இல்லை. நீலப் பென்சிலில் சின்னச் சின்னப் புள்ளிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் மாதமும் வருடமும். நாற்பது வருடமாக எந்த ஊற்றில் எந்த மாதம் தண்ணீர் பார்த்தாரோ, அதைக் குறித்து வைத்திருக்கிறார். பிப்ரவரி, மார்ச் என்று நிறைய இருந்தன. மே கடைசி என்று தேடிப் பார்த்தேன். இரண்டே புள்ளிகள், இரண்டும் பாதை முனையிலிருந்து பாதி நாள் நடை.

தம்பியைக் கட்டாயம் அந்த மலைக்குப் போகச் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. டிசம்பரிலோ ஜனவரியிலோ வரட்டும், நானே கூட்டிப் போகிறேன். ஃப்ரீமாண்ட் கணவாயின் உச்சியில் கடைசித் திருப்பம் திரும்பினதும் வீவர்ஸ் நீடில், அந்த ஊசிப்பாறை, எதிரே முழுசாக எழுந்து நிற்கும். காலை எட்டு மணிக்கு அதன்மேல் வெயில் படும்போது பாறை நிஜமாகவே பொன் நிறமாகத் தெரியும், ஏன் இத்தனை பேர் இங்கே வந்தார்கள் என்று அப்போது அவருக்கே புரியும். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், கணுக்காலை மூடும் ஷூ, அப்புறம் அகலப் பல் வைத்த சீப்பு ஒன்று. தாவும் கள்ளி என்று ஒன்று உண்டு, லேசாக உரசினாலே உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொள்ளும், கையால் பிடுங்கப்போனால் கையிலும் ஏறிவிடும். சீப்பை அடியில் கொடுத்து ஒரே நெம்பாக நெம்பினால்தான் வரும்.

அவர் வாங்கிய வரைபடத்தையும் எடுத்துவரச் சொல்லுங்கள், உட்கார்ந்து பார்க்கலாம். தனிச்செய்தியில் அவர் எண்ணை அனுப்பினால் இன்று ராத்திரியே பேசுகிறேன்.